சோத்தாங்கைப் பக்கம்

என்னை ஓட்டக்காரி ஆக்கியது ஒரு அவித்த முட்டை. நான் படித்த கல்லூரி விடுதியில், காலையில் மைதானத்துக்கு வரும் பெண்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு முட்டை கொடுப்பார்கள். நான் ஒடுகத்தூரில் வேர்க்கடலை போடுகிற குடும்பத்துப் பெண். கடலையைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் எழுந்து ஓடத் தயாராக இருந்தேன்.

பிற்காலத்தில் மேடைகளில் என்னை அறிமுகப்படுத்தியவர்கள், ஜவ்வாது மலை அடிவாரத்தில் பல மைல் ஓடிப்போய்ப் பள்ளியில் படித்தவள் என்று சொன்னார்கள். மறுத்துப் பார்த்தேன், யாரும் விடுவதாக இல்லை. உண்மையில் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. மணி அடித்த பிறகு கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படியும் தாமதமாகத்தான் போவேன்.

நெடுந்தூரம் ஓடியதற்கும் பெரிய காரணம் இல்லை. நூறு மீட்டருக்கும் இருநூறுக்கும் ஏற்கெனவே ஆள் நிறைய இருந்தார்கள். புலம்பாமல் சுற்றிக்கொண்டே இருக்க ஒருத்தி வேண்டும் என்றார்கள், கையைத் தூக்கினேன். அந்தக் கை என்னைப் பல்கலைக்கழக அணி, மாநில அணி என்று கொண்டுபோனது. சில பதக்கங்கள் வந்தன. பிறகு குதிகால் வலி வந்தது. பதக்கங்கள் பெட்டிக்குள் இருக்கின்றன, வலி இன்னும் கூடவே நடக்கிறது.

இந்த ஆண்டு கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் எதையாவது பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உடற்பயிற்சி அட்டவணை, சத்துணவு, இதயத் துடிப்புக் கணக்கு எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கையில் கட்டியிருக்கும் கடிகாரமே பாதியைச் சொல்லிவிடுகிறது. நான் சொல்லப்போவது அந்தக் கடிகாரம் வாயை மூடிக்கொள்ளும் நேரங்களைப் பற்றி.

பந்தயங்களை விட்டதும் அடிவாரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே பிள்ளைகளை மலைச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எப்படி ஓடவேண்டும் என்று காட்டுவதுதான் பயிற்சி என்று நம்பிய காலம் அது. ஆகவே முன்னால் ஓடினேன். நன்றாகவே ஓடினேன். நாலைந்து வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருத்தியும் இல்லை. பதறிப்போய் இறங்கி வந்தேன். கீழே ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து இலந்தைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

“இன்னாம்மா ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல மேடம். நீங்க போய்ட்டு வாங்க. நாங்க இங்கயே கீறோம்” என்றாள் ஒருத்தி, மிகுந்த மரியாதையோடு.

மறுநாளிலிருந்து பின்னால் ஓடினேன். யார் தோளை இறுக்கிக்கொள்கிறாள், யார் அழுகையை அடக்குகிறாள், யார் பேசிக்கொண்டே வந்து சிநேகிதியை மெதுவாக்குகிறாள் என்பதெல்லாம் பின்னால் இருந்தால்தான் தெரியும். ஓடுகிறவள் பயிற்சியாளராக மாறுவது அந்த இடமாற்றம்தான். ஆனால் முன்னால் நின்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அது அத்தனை சுலபத்தில் பின்னால் போகாது. அது வேறு வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வரும். எனக்கு வந்தது மலைமேல், ஒரு புளியமரத்தால்.

அந்த ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான நாட்டுப்புற ஓட்டத்தை எங்கள் கல்லூரி நடத்தவேண்டும் என்று முடிவானது. கிராஸ் கன்ட்ரி என்றால் மைதானத்தில் சுற்றுவதில்லை. மேடு, பள்ளம், ஓடை, வரப்பு என்று வெளியில் ஓடவேண்டும். முதலில் வரும் ஆறு பேரைப் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். எங்கள் கல்லூரியில் தேவிகா என்று ஒருத்தி இருந்தாள். கணியம்பாடிப் பக்கத்துப் பெண், கடைசி ஆண்டு மாணவி. இரண்டு முறை ஏழாவதாக வந்து அணியைத் தவறவிட்டவள். “ஏழாம் நம்பர் பஸ் வந்துடுச்சு” என்று விடுதியில் அவளைக் கிண்டல் செய்வார்கள். அவளும் கூடவே சிரிப்பாள். பின்னால் ஓடுகிறவளான எனக்கு, அந்தச் சிரிப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும்.

பந்தயத்தை மலைமேல் ஒரு ஊரில் வைத்தோம். பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, சாமைக் கொல்லைகளின் ஓரமாகப் போய், பெரிய புளியமரத்தடியில் வலது பக்கம் திரும்பி, ஓடையைத் தாண்டி மைதானத்துக்கே வரும் பாதை. ஊராட்சித் தலைவரிடம் அனுமதி வாங்கினோம். முந்தின நாள் மத்தியானம் நானும் மாணவிகளும் பாதை நெடுகச் சிவப்புத் துணி கட்டினோம், திருப்பங்களில் குச்சி நட்டோம், பாறைகளில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டோம். அந்தி சாயும்போது பார்த்தால் மலையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலேயே தங்கினோம்.

விடிந்ததும் பாதையைப் பார்க்கத் தேவிகாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் திருப்பத்தில் குச்சி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒரு துணிகூட மரத்தில் இல்லை. பாறையில் போட்ட அம்புக்குறிகளின் மேல் அழகாக, ஒரு பொட்டு வெள்ளை தெரியாமல், சாணி மெழுகியிருந்தது.

“மேடம், கோலம் போட்டா நல்லா இருக்கும்” என்றாள் தேவிகா.

புளியமரத்தடியில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் இருந்தவர் கையில் ஒரு முறம். முறத்தில் எங்கள் சிவப்புத் துணிகள், பிரித்து நீவி மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் பெயர் காசியம்மா. மரத்தை ஒட்டிய சாமைக் கொல்லை அவருடையது.

“இத கட்டனது யாரு?”

“நாங்கதாங்க. இன்னிக்கி இங்க ஓட்டப் பந்தயம்ங்க. பொண்ணுங்களுக்கு வழி தெரியறதுக்காகக் கட்டனோம்.”

“அப்டித்தான் சொல்லுவீங்க. போன தபா கூட நாலு பேரு சிரிச்சிகினே வந்து செவப்புத் துணி கட்டனாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டா, சும்மாம்மான்னாங்க. அப்பறம் எங் கொல்லையில பாதி ரோடா பூடுச்சு.”

“நாங்க தலைவர்கிட்ட சொல்லிட்டோம்ங்க.”

“தலைவரு எங்ககிட்ட சொல்லலியே.”

தலைவரிடம் சொன்னால் ஊரிடம் சொன்னது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஊர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

அதற்குள் கீழேயிருந்து பேருந்துகள் வந்துவிட்டன. கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. பல்கலைக்கழகத்திலிருந்து அணியைத் தேர்ந்தெடுக்க வந்த அதிகாரி, மூக்கருகே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி இறங்கினார். அன்றைக்கு முழுக்க அந்தப் பழத்தை அவர் கீழே வைக்கவில்லை. அவர் பின்னாலேயே நகரத்துக் கல்லூரி ஒன்றின் மூத்த பயிற்சியாளர் வந்தார். நான் ஓடிய காலத்திலிருந்தே எனக்குத் தெரிந்தவர், கெட்டிக்காரர், குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு.

“மார்க்கிங் எல்லாம் அவுத்துட்டாங்களா? இதுக்கெல்லாம் கெஞ்சிகினு இருக்கக் கூடாது மேடம். ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்க, இல்ல கேன்சல் பண்ணுங்க.”

போன் போடலாம். போலீஸ் மேலே வந்து சேருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். வந்தால் காசியம்மாவின் சந்தேகம் உறுதியாகிவிடும். ரத்து செய்யலாம். தேவிகாவுக்கு அடுத்த ஆண்டு கிடையாது. துணியைத் திரும்பக் கட்டலாம். ஓட்டத்தின் நடுவில் அவிழ்த்துவிட்டால் என்ன செய்வது? அவசரத்தில் நாம் நமக்கு என்ன வேண்டும் என்பதையே சுற்றிச் சுற்றி யோசிக்கிறோம். அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யோசித்ததும் வழி தெரிந்தது. அவருக்குத் தன் கொல்லையில் யாரும் கால் வைக்கக் கூடாது. எனக்கும் அதேதான் வேண்டும். கொல்லைக்குள் போனால் பாதை தப்பு.

“அக்கா, துணியே வேணாம். உங்க கொல்லை ஓரத்துல நீங்களே நில்லுங்க. ஒரு பொண்ணும் உள்ள கால் வெக்காம பாத்துக்குங்க. இங்க வந்ததும் சோத்தாங்கைப் பக்கம் திருப்பி வுட்டுடுங்க. அது போதும்.”

காசியம்மா மற்றவர்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவர்களுக்குள் பேச்சு. பிறகு முறத்தைக் கீழே வைத்தார்.

“பந்தயம்னா முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நாங்க இன்னா வேணாம்னா சொல்லப் போறோம்.”

அரை மணி நேரத்தில் எங்கள் பாதைக்கு உயிருள்ள கம்பங்கள் கிடைத்தன. ஒவ்வொரு கொல்லையின் ஓரத்திலும் அதன் சொந்தக்காரர் நின்றார். ஓடைப் பக்கம் ஒருவர் நாற்காலியே போட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழத்தோடு சுற்றிப் பார்த்த அதிகாரி, இவ்வளவு கண்டிப்பான நடுவர்களைத் தாம் பார்த்ததில்லை என்றார்.

ஓட்டம் தொடங்கியது. சாமைக் கொல்லைகள் வரைக்கும் தேவிகாதான் முன்னால் என்று ஒரு மேட்டிலிருந்து பார்த்தேன். அவளை ஒட்டி மூன்று பேர். கொஞ்சம் இடைவெளி விட்டு, நகரத்துக் கல்லூரியின் ஒல்லியான பெண். பிறகு பெருங்கூட்டம். நான் முடிவுக்கோட்டுக்கு ஓடிவந்து நின்றேன்.

மைதானத்துக்குள் முதலில் வந்தது அந்த ஒல்லிப் பெண். பின்னால் கூட்டம். தேவிகா இல்லை. விழுந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். எல்லோரும் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, எங்களுக்கு முதுகுப்புறம், ஊர்த் தெருவிலிருந்து நாய்கள் குரைக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் தேவிகா வருகிறாள். பின்னால் அந்த மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் நாய்கள்.

நடந்தது இதுதான். காசியம்மா பாதையின் நடுவில், வருகிறவர்களைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். முதல் நாலு பேரும் வந்ததும் சோத்தாங்கையை நீட்டியிருக்கிறார். அவருடைய சோத்தாங்கையை. எதிரே வருகிறவர்களுக்கு அது இடது பக்கம். தேவிகாவுக்கு வழி தெரியும், ஆனால் காலையில் நடந்த பேச்சில் பாதையை மாற்றிவிட்டோம் என்று நினைத்து, கை காட்டிய பக்கமே போயிருக்கிறாள். நாலு பேரும் ஊரையே சுற்றிக்கொண்டு, நீளமான பாதையில் வந்திருக்கிறார்கள். அடுத்த கொல்லைக்காரர் சத்தம் போட்டதும், காசியம்மா கையை மாற்றி மற்றவர்களைச் சரியாக அனுப்பிவிட்டார்.

“எங்க பொண்ணு சரியான ரூட்ல ஓடி ஜெயிச்சிருக்கா. ரிசல்ட்ட அறிவிங்க” என்றார் மூத்த பயிற்சியாளர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாதையைத் தெரிந்து வைத்துக்கொள்வது ஓடுகிறவர்களின் பொறுப்பு என்று எத்தனையோ முறை நானே சொல்லியிருக்கிறேன்.

அதற்குள் காசியம்மா மூச்சிரைக்க மைதானத்துக்கு வந்துவிட்டார். அதிகாரியின் முன்னால் நேராக நின்றார்.

“அந்தப் பொண்ணுங்க மேல தப்பு இல்லீங்க. சோத்தாங்கைன்னாங்க, எஞ் சோத்தாங்கைய காட்டனேன். யாரு சோத்தாங்கைன்னு யாரும் சொல்லல.”

அதிகாரி ஒல்லிப் பெண்ணைக் கூப்பிட்டார். “நீ இவங்கள எங்கம்மா தாண்டன?”

அவள் நன்றாக யோசித்தாள். “நான் தாண்டவே இல்ல சார். முன்னாடி போய்ட்டுதான் இருந்தாங்க. புளியமரத்துக்கு அப்பறம் காணோம். எங்க போனாங்கன்னு நானே யாரையாவது கேக்கணும்னு இருந்தேன்.”

அவளுடைய பயிற்சியாளர் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி எலுமிச்சம்பழத்தை நீளமாக ஒருதரம் மோந்தார். பிறகு எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்துத் தீர்ப்பைச் சொன்னார். சாப்பாடு, ஓய்வு, வெயில் இறங்கியதும் மறு ஓட்டம். இருட்டுவதற்குள் எல்லோரும் மலையிறங்கிவிட வேண்டும்.

நான் சொன்ன அந்த ஆசை வேஷம் போட்டுக்கொண்டு வந்தது இப்போதுதான். மறு ஓட்டத்தால் யாருக்கு லாபம் என்று மற்ற கல்லூரிக்காரர்கள் நாலு பேர் முணுமுணுப்பது என் காதில் விழுந்தது. நடத்துகிற கல்லூரி எங்களுடையது, வழிகாட்ட ஆளை நிறுத்தியது நான், வழி தவறியவர்களில் முதலாவது என் மாணவி. எனக்குச் சுருக்கென்றது. உடனே மனதில் ஒரு காட்சி ஓடியது. நான் எல்லோர் முன்னாலும் போய் நிற்கிறேன். “எங்கள் மாணவி மறு ஓட்டத்தில் கலந்துகொள்ள மாட்டாள்” என்கிறேன். கூட்டம் வாயடைத்து நிற்கிறது. மூத்த பயிற்சியாளர் தலை குனிகிறார். எவ்வளவு நேர்மையான அம்மா என்று மலையே பேசுகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த தேவிகாவிடம் போய் உட்கார்ந்தேன்.

“தேவிகா, நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. நாமளே விலகிக்கினா நல்லா இருக்கும்னு தோணுது.”

அவள் சோற்றை மென்று முடித்தாள். தண்ணீர் குடித்தாள்.

“நாலு பேரு வழி மாறிப் போனோம். நாலு பேரும் விலகணுமா மேடம்?”

“இல்ல, நீ மட்டும்.”

“நான் மட்டும் ஏன்?”

“நீ நம்ம காலேஜு.”

“அப்ப, விலகினா யாருக்கு நல்ல பேரு வரும்?”

நான் அவளுடைய பொட்டல நூலை எடுத்து விரலில் சுற்றினேன்.

“உங்களுக்குத்தான வரும். உங்க நல்ல பேருக்கு நான் ஏன் மேடம் ஓடாம இருக்கணும்?”

கோபமே இல்லாமல் கேட்டாள். பொட்டலத்தில் ஊறுகாய் இல்லையே என்று கேட்கிற மாதிரி. எனக்குக் காது சூடானது. அவளுடைய கால்களை எடுத்து என் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

“சாப்பிட்டு முடிச்சு கொஞ்சம் படு” என்றேன். “கால தூக்கி சுவத்து மேல வெச்சுக்கோ.” அதோடு எழுந்து, முணுமுணுத்த கூட்டத்திடம் போனேன். “என் மாணவி ஓடுவாள். ஆட்சேபணை இருந்தால் அதிகாரியிடம் சொல்லுங்கள்” என்றேன். ஆட்சேபணை சொல்ல யாரும் போகவில்லை. முணுமுணுப்பு அவ்வளவுதான். அதற்கு நாம் ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கத் தயாராகும்போதுதான் அது பெரிதாகத் தெரிகிறது.

இளம் தோழர்களே, நேர்மையாக இருப்பது உங்கள் வேலை. நேர்மையாகத் தெரிவது உங்கள் ஆசை. இரண்டாவதற்கு ஆகும் செலவை மாணவர் தலையில் எழுதாதீர்கள். நான் சொன்னதில் இதை மட்டும் நினைவு வைத்துக்கொண்டாலும் போதும்.

சாயங்கால ஓட்டத்துக்கு ஊரே திரண்டது. காலையில் ஓரத்தில் நின்ற பெண்கள், இப்போது ஆளுக்கு ஒருத்தியைத் தங்கள் பெண்ணாக எடுத்துக்கொண்டு சத்தம் கொடுத்தார்கள். ஓடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். இந்த முறை நான் புளியமரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தேன். காசியம்மா முடிவெடுத்து வந்திருந்தார். அவருடைய சோத்தாங்கையும் ஓடுகிறவர்களின் சோத்தாங்கையும் ஒரே பக்கம் இருக்கவேண்டும் என்றால் ஒரே வழிதான். ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி, ஆடாமல் அசையாமல் நின்றார். திரும்பிப் பாருங்கள் அக்கா, பெண்கள் வருகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“வேணாம்மா. திரும்பனா கையும் கூடவே திரும்பிடும்.”

கடைசிப் பெண் தாண்டும்வரை கையை இறக்கவில்லை.

ஒல்லிப் பெண் முதலாவதாக வந்தாள். இந்த முறை எல்லோரையும் தாண்டி, எங்கே தாண்டினோம் என்று தெரிந்து வந்தாள். அவளுடைய பயிற்சியாளர் எனக்குக் கை கொடுத்தார். குரல் கொஞ்சம் சின்னதாகியிருந்தது.

தேவிகாவுக்குக் காலையில் ஊரைச் சுற்றிய களைப்பு கடைசி மேட்டில் காட்டிவிட்டது. மூன்றாவதாக இருந்தவள் நாலாவதானாள், ஐந்தாவதானாள். ஓடையைத் தாண்டும்போது இரண்டு பேர் அவள் தோளை ஒட்டி வந்தார்கள். ஒருத்தி அவளைத் தாண்டிப் போனாள். மற்றவளை மைதானம் முழுக்கப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கோட்டில் ஒரு மார்பளவு முந்தி ஆறாவதாக வந்தாள். வந்த வேகத்தில் தரையில் படுத்தவள், வானத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எண்ணிட்டீங்களா மேடம்?”

“ரெண்டு தபா எண்ணிட்டேன். ஆறுதான்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஷூவின் நாடாவைத் தளர்த்தினேன். அந்த நேரத்தில் பயிற்சியாளர் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

வெளிச்சம் இருக்கும்போதே மலையிறங்கினோம். வளைவுகளில் பேருந்து ஆடியதில் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். தேவிகா தூங்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

“மேடம், காலையில நாய்ங்களோட வந்தோமே, அதுல நாந்தான முதல்ல வந்தேன்?”

“ஆமா.”

“அது நல்ல வழியா இருந்தா?”

“சரியான வழியா இருந்தா நீதான் ஃபர்ஸ்ட்.”

“தப்பான வழியிலயும் நாந்தான ஃபர்ஸ்ட்?”

யோசித்துப் பார்த்தேன். மறுக்க முடியாது. அந்த வழியில் அவளுக்கு முன்னால் யாரும் வரவில்லை.

“ஆமா தேவிகா. தப்பான வழியில நீதான் ஃபர்ஸ்ட்.”

“அத காலேஜ் போர்டுல எழுத முடியாதில்ல?”

“எழுத முடியாது.”

“பரவால்ல” என்று என் தோளில் சாய்ந்தவள், அடுத்த வளைவு வருவதற்குள் தூங்கிப்போனாள்.